நேரடி நியமனம்

பெரம்பலூர் பாலக்கரையிலிருந்து அரியலூர் ரயிலடி வரைக்கும் சலித்தெடுத்தாலும் தன்னைப் போல இன்னொரு பரிசுத்தவான் தேறமாட்டான் என்பது ஜெராக்ஸ் கடை பிரேம்குமாரின் முடிவு. இதை அவர் பெருமைக்காகச் சொல்வதில்லை, தகவலாகத்தான் சொல்வார். விசுவாசிகள் எல்லாருமே பரிசுத்தவான்கள் என்பது அவருடைய சபையின் போதனை. அதில் 'எல்லாரும்' என்பதை மட்டும் அவர் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை.

மனைவி அடைக்கலமேரி கத்தோலிக்கக் குடும்பம். தினமும் பஸ் ஏறி அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவள்.

"எங்கள்ல ஒருத்தரு புனிதர் ஆவணும்னா செத்து, வருஷக்கணக்கா விசாரிச்சு, அற்புதம் நடந்துச்சான்னு பாத்து, அப்புறந்தான் ரோம்ல பட்டம் குடுப்பாங்க. உங்களுக்கு யாருங்க குடுத்தா?" என்றாள்.

"உங்காளுங்களுக்குப் பதவி உயர்வு, அதுவும் செத்த பொறவு. எங்களுக்கு நேரடி நியமனம்."

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவார் என்று அவள் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவது அவருக்கு ஆகவே ஆகாது. "உயிரோட ஒருத்தன் வூட்ல இருக்கேன். செத்தவருகிட்டப் போயி சிபாரிசு கேக்குறியே, வெக்கமா இல்ல?"

சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக் கலியம்மாள் எட்டிப் பார்த்தாள். "சார், எஞ் செனையாடு ரெண்டு நாளா காணல. பரிசுத்தவான்னீங்களே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

விளக்கப் போனால் பட்டம் போய்விடும். பிரேம்குமார் கண்ணை மூடி ஜெபித்தார். மறுநாள் மக்காச்சோளக் காட்டிலிருந்து ஆடு தானாக வந்து நின்றது, ரெண்டு குட்டிகளோடு.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். யாரிடமும் சொல்லக் கூடாதென்று சொல்லிவிட்ட பெரிய மனுசன் என்று கலியம்மாள் தெரு முழுக்கச் சொன்னாள். முத்துவேல் வந்தார், தொலைந்த டிராக்டர் சாவி மறுநாளே கிடைத்தது. கூட்டத்தைக் குறைக்க ஞாயிறு மட்டும் என்று சொல்லிப் பார்த்தார். ஞாயிறன்று வாசலில் செருப்பு விட இடமில்லை. அதில் ஒரு ஜோடி காணாமல் போக, அதையும் அவரிடமே கேட்டார்கள்.

"ஆடு, சாவி. ரெண்டு அற்புதம் ஆச்சு. ரோமுக்கு எழுதிப் போடவா?" என்று மனைவியைச் சீண்டினார். அவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அப்புறம்தான் லப்பைக்குடிக்காட்டுப் பீர் முகமது வந்தார். மறுநாள் ராத்திரி துபாய்க்கு விமானம், பாஸ்போர்ட்டைக் காணவில்லை. அலையாய் அலைந்து கிடைத்த வேலை. "நாங்களும் துஆ செஞ்சுக்கிட்டுதான் இருக்கோம். நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்க சார்." கண் கலங்கியிருந்தது.

"நாளைக்குக் காலையில கெடைச்சிடும்" என்று பிரேம்குமாரின் வாய் முந்திக்கொண்டது.

காலையில் கிடைக்கவில்லை. மனைவி வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு அவர் மறுபடி ஜெபித்தார், உபவாசமும் இருந்தார், இட்லிக்குப் பிறகு. பீர் முகமது இரண்டு தடவை போன் செய்துவிட்டார். ஒரு மனுசனின் பிழைப்பும் தன் பட்டமும் ஒரே பாஸ்போர்ட்டில் மாட்டிக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. கடையைச் சாத்தினார். உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறினார்.

குகை மாதிரிக் கட்டியிருந்த அந்தோணியார் கெபியில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு மெழுகுவத்தி வாங்கி ஏற்றினார். இது தனக்காக இல்லை, பீர் முகமதுக்காகத்தான் என்று அந்தோணியாரிடம் தெளிவுபடுத்திவிட்டு முழங்காலிட்டார்.

போன் அடித்தது. பாஸ்போர்ட் பீரோவுக்குப் பின்னால் கிடைத்ததாம். கிடைத்து அரை மணி நேரமாகிறதாம், சந்தோஷத்தில் சொல்ல மறந்துவிட்டாராம். "எல்லாம் உங்க ஜெபம் சார்."

அரை மணி நேரம் என்றால் மெழுகுவத்திக்கு முன்னாடி. அப்படியானால் ஜெபம்தான். பிரேம்குமார் நிமிர்ந்தார், நெஞ்சு விரிந்தது. இனி இது எதற்கு என்று மெழுகுவத்தியை ஊதக் குனிந்தார்.

மெழுகுவத்தி விற்கிற அம்மா தடுத்தாள். "ஊதாதீங்க சார், பக்கத்துல இருக்குறதும் சேந்து அணைஞ்சிடும். அது பெரம்பலூர்லேந்து வர்ற நர்ஸம்மா காலையில ஏத்துனது. ஆட்டுக்கு, சாவிக்கு, பாஸ்போர்ட்டுக்குன்னு ஓயாம ஏத்துறாங்க, பாவம். வூட்டுக்காரரு பரிசுத்தவானாம், அந்தப் பேரு போயிடக் கூடாதாம்."