பானெட்டுக்கு நைவேத்தியம்

தொண்ணூறுகளில் திருத்தணியில் ஓடிய வண்டிகளில் பாதி, புளியோதரை கிளறிய கையால் பெயின்ட் அடிக்கப்பட்டவை. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலன் படிக்கலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அடித்தவர் பதம் சாமி. சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரைச் சமையல்காரர். விடியற்காலை நாலு மணிக்குப் படியேறுவார். உச்சிகால பூஜை முடிந்ததும் இறங்கி வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடுவார். மூன்று மணிக்கு வாயில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனால் இருட்டும்வரை பெயின்ட்தான். அதன்பின் சீயக்காய் தேய்த்து மூன்று முறை குளிப்பார். தின்னர் வாசனை ஒரு துளிகூட மலையேறியதில்லை. அந்த விஷயத்தில் மனுஷன் சுத்தம்.

சென்னைக்குப் பாத்திரம் வாங்கப் போனவர், பிளாட்பாரத்தில் திருப்புளிகளுக்கு நடுவில் கிடந்த ஒரு மட்டமான ஸ்ப்ரே கன்னை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதைப்போல ஒரு கேடுகெட்ட சாமானை நான் பார்த்ததில்லை. அழுத்தினால் முன்னால் துப்பும், அழுத்தாவிட்டால் அடியில் ஒழுகும். உள்ளே இருந்த வாஷர் ஒரே வாரத்தில் தின்னரில் ஊறி உளுந்து வடையாக உப்பிவிட்டது. சாமி வீட்டுக் குக்கரின் கேஸ்கெட்டை வெட்டி வாஷர் செய்து போட்டார். அதுவும் ஊறியது. அடுத்ததை வெட்டினார்.

"மலையில ஊருக்கே பொங்கிப் போடறார். எங்காத்துக் குக்கர் விசில் அடிச்சு அஞ்சு வருஷம் ஆறது" என்பார் சாமியின் மனைவி, ஊருக்கெல்லாம் மாமி.

காற்றுக்குப் பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரசர். அது முக்கி முக்கி ஒரு லாரி டியூபை நிரப்பும். டியூபிலிருந்து கன்னுக்கு ஒரு ரப்பர் குழாய். வேகம் குறைந்தால் யாராவது டியூப் மேல் உட்கார வேண்டும். நான் அப்போது தொண்ணூறு கிலோ. என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் சாமியின் முகம் மலர்ந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

முதலில் தன் சைக்கிளுக்கு அடித்தார். பிறகு ஒரு மொபெட். அன்று காற்று திரும்பியதில் தெருவின் வெள்ளை நாய் ஒன்று ஆகாய நீலமாகி, இரண்டு மாதம் அப்படியே திரிந்தது. மற்ற நாய்கள் அதைக் கடிக்கவில்லை. தள்ளி நின்று யோசித்தன.

ஆனால் அந்த ஓட்டைக் கன்னை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலை இருக்கிறதே, அது வேலை. துருப் பிடித்த தகரத்தைப் பழம்புளி போட்டுத் தேய்ப்பார். கண்ணாடிகளை மந்தார இலையால் மூடி மைதாப் பசையால் ஒட்டுவார். பெயின்டை வேட்டித் துணியில் வடிகட்டி, அடியில் ஓட்டை விழுந்த ஒரு பழைய கரண்டியில் மொண்டு தூக்கிப் பிடிப்பார். ஒழுக ஆரம்பித்ததும் "முருகா, முருகா" என்று எண்ணுவார். இருபது முருகாவில் கரண்டி காலியாக வேண்டும். பதினைந்தில் காலியானால் தண்ணி; வண்டியில் வழியும். இருபத்தைந்து ஆனால் கெட்டி; சாத்துக்குடித் தோல்போலப் புள்ளி புள்ளியாக நிற்கும்.

"எல்லாத்துக்கும் பதம்தான் நைனா. பாகானா என்ன, பெயின்டானா என்ன? பதம் தெரியாதவன் பொங்கலையும் கெடுப்பான், வண்டியையும் கெடுப்பான்."

வேலை முடிந்ததும் கன்னைக் கழற்றிக் கழுவி, ஒரு வாழை இலையில் பரப்புவார். உப்பு வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ, ஊறுகாய் இடத்தில் ஊசி, இனிப்பு இடத்தில் மூக்கு, சாதம் விழும் இடத்தில் பெயின்ட் கிண்ணம். ஒன்று குறைந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். ஒருநாள் ஊசியை எடுத்துப் பார்த்துவிட்டு இடம் மாற்றி வைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இனி என் கதை. என்னிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. வாடகை வண்டி. ஆடிக் கிருத்திகை மூன்று நாள் கூட்டத்தில் ஓட்டினால்தான் என் வீட்டில் ஆறு மாதம் அடுப்பு எரியும். அந்த வருஷம் வண்டியின் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., கிருத்திகைக்கு நாலு நாள் முன்னால் முடிந்தது. புதுப்பிக்காமல் வண்டியை வெளியே எடுக்க முடியாது. வண்டியோ சொறி பிடித்த மாடுபோல இருந்தது. பெயின்ட் அடிக்காமல் எஃப்.சி.க்கு நிறுத்தவும் முடியாது. அரக்கோணத்தில் பட்டறை வைத்திருந்த பாயிடம் ஓடினேன்.

"ஏழு வண்டி நிக்குது பா. கிருத்திக முடிஞ்சி வா" என்றார்.

"முடிஞ்சப்புறம் வண்டிய வெச்சிகினு நா இன்னா பண்றது பாய்? சாமியாண்டயே குட்த்துடறேன் போ."

"ஆரு, மலை சமையல்காரராண்டயா?" பாய் சிரித்த சிரிப்பில் பீடி கீழே விழுந்தது. "குடு குடு. அவுரு பெயின்ட் அடிக்கட்டும், நா போய் பொங்கல் கிண்டறேன்."

சாமி ஒரே வார்த்தைதான் சொன்னார். "கொண்டா."

மூன்று நாள் வேலை. அத்தனை நாளும் மாலையில் நான் டியூப் மேல்தான். மூன்றாம் நாள் இருட்டும்போது வண்டி பாலாடையாக மின்னியது. மறுநாள் காலை பத்து மணிக்கு எஃப்.சி. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பல வாரத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஆறு மணிக்குப் போனேன். சாமி மலைக்குப் போய்விட்டிருந்தார். வண்டியின் பானெட்டில், நட்ட நடுவில், உள்ளங்கை அகலத்தில் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். சுற்றிலும் அம்மைத் தழும்புபோலக் குழி குழியாக நீர்த்துளி விழுந்த தடம். துண்டால் துடைத்தேன். வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அசையவில்லை. ஈரப் பெயின்டில் வைத்த பொட்டு பெயின்டோடு சேர்ந்து காய்ந்துவிட்டது.

"இன்னா மாமி இது?" என்று கத்தினேன். தெருவே வெளியே வந்தது.

மாமி வாசலிலேயே நின்றார். "ராத்திரியே சொன்னேன், ஆறட்டும்னு. கேட்டாத்தானே? எதைப் பண்ணினாலும் சூட்டோட ஸ்வாமிக்குப் படைச்சுடணுமாம். சின்ன வண்டிக்கெல்லாம் தூரத்துலேர்ந்து கற்பூரம் காட்டறதோட சரி. இது உன் பொழப்பாச்சே, குறை வெக்கப்படாதுன்னுட்டுத் தண்ணி சுத்தித் தெளிச்சு, பொட்டும் வெச்சார்."

நான் அப்போது சாமியைத் திட்டியதை இங்கே அச்சிட முடியாது.

வேறு வழியில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். சோதனை மைதானம் பஸ்ஸில் முக்கால் மணி தூரம். இன்ஸ்பெக்டர் பிரேக், லைட், ஹாரன் எல்லாம் பார்த்துவிட்டுப் பானெட்டுக்கு வந்தார்.

"இன்னாய்யா இது?"

"பொட்டு சார்."

"தொட."

"போவாது சார்."

உண்மையைச் சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அவர் சிரிக்கவில்லை. "வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும். நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். சரி பண்ணினு வா. இல்லன்னா அடுத்த வாரம்."

அடுத்த வாரம் என்றால் கிருத்திகை போய்விடும். எஸ்.டி.டி. பூத்திலிருந்து சாமி வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டு, இறங்கி வந்ததும் சொல்லச் சொன்னேன். சொன்ன விதம் அப்படி. கடைக்காரர் அதன்பின் ஒரு வருஷம் எனக்குக் கடன் தரவில்லை.

இரண்டு மணிக்கு ஒரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் இறங்கியது காற்றடித்த லாரி டியூப். பின்னாலேயே கையில் தூக்குவாளியும் கிட்பேக்குமாகச் சாமி. நெற்றியில் மடப்பள்ளி வியர்வை காயவில்லை. அவருக்குப் பின்னால் கண்டக்டர்.

"ரெண்டு ஆள் எடத்த அடச்சிகினு வருது. லக்கேஜ் போடுன்னா, காத்துக்கு ஏதுய்யா டிக்கெட்டுன்றாரு! இந்தாளு உங்க ஆளா?"

"ஆங், எங்க ஆளுதான். இன்னா இப்போ?" என்றேன். காலையிலிருந்து திட்டிய வாயால் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத் திறந்தார். நான் உப்புத்தாளை எடுத்துப் பொட்டைத் தேய்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொரண்டாதே நைனா."

"சொரண்டாம மேல அட்ச்சா நிக்குமா சாமி?"

"நிக்காது. ஒரு வருஷம் நிக்கும்."

"அப்புறம்?"

"படைச்சதை எப்படிடா சொரண்டறது?" பொட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "நான் பண்ணினது தப்புதான். அதுக்காக அவன் நெத்தியைச் சொரண்டச் சொல்றியா?"

நான் தாளைக் கீழே போட்டேன். வாதாட நேரமில்லை.

"உக்காரு" என்று டியூபைக் காட்டினார்.

"இங்கயா?"

"வேற எங்க?"

மைதானத்தில் இருபது டிரைவர்கள். அத்தனை பேர் எதிரிலும் டியூப் மேல் உட்கார்ந்தேன். "அண்ணாத்த முட்ட வெக்கிறாரு டோய்!" என்று ஒருவன் கத்தினான். எழுந்து அவனை அறையலாம். எழுந்தால் காற்றுப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு அடைகாத்தேன். சாமி கரண்டியைத் தூக்கி இருபது முருகா எண்ணினார். பத்து முருகாவுக்குமேல் டிரைவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். அந்தக் கேடுகெட்ட கன் அன்று ஒருமுறைகூடத் துப்பவில்லை. இரண்டு கோட்டில் பொட்டு மறைந்தது. பானெட் பாலாடை.

அப்போது ஒன்றைப் பார்த்தேன். கன்னைக் கீழே வைத்ததும் சாமியின் வலது கை தானாக எழுந்து தூக்குவாளித் தண்ணீரை நோக்கிப் போனது. இடது கையால் அதைப் பிடித்து, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வெயிலில் ஒன்றரை மணி நேரம் அப்படியே நின்றார். இன்ஸ்பெக்டர் வந்து ஒரு விரலை நீட்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"தொடாதீங்கோ சார், ஆறட்டும்!"

அதை முந்தின நாள் ராத்திரி தனக்கே சொல்லியிருந்தால் என்ன? கையெழுத்துக் கிடைத்தது. கிருத்திகைக்கு வண்டி ஓடியது.

சாமி சொன்னது பலித்தது. அடுத்த ஆடிக்குச் சரியாகப் பெயின்ட் உரிந்து, மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டு வெளியே வந்துவிட்டது. அவரிடம் கொண்டுபோனேன். சுரண்டாமல் மேலேயே அடித்தார். மறு வருஷம் மறுபடி வந்தது. இப்படி ஆறு வருஷம். ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே டியூப் மேல் உட்கார்ந்தேன்.

ஏழாம் வருஷம் மார்கழியில், மலையிலிருந்து இறங்கி வந்து சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கொல்லையில் வாழை இலை மேல் கன் கழற்றியபடி இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில்.

ஆடி வந்தது. வண்டியைப் பாயிடம் கொண்டுபோனேன். பாய் வண்டியைச் சுற்றிவந்து, கதவைத் தடவிப் பார்த்து, "சமையல்காரர் வேல சுத்தம் பா" என்றார். பானெட்டுக்கு வந்தார். பொட்டு எட்டிப் பார்த்தது. உப்புத்தாளை எடுத்தார்.

"சொரண்டாத பாய். மேலயே அடி."

"நிக்காது பா. அடுத்த வருசம் வந்துடும்."

"வரட்டும்" என்றேன்.