மெலிந்துவிட்ட மத்தியும் மெலியாத நானும்

அன்பும் மரியாதையும் கொண்ட மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், சற்று அதிகமாகவே நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமா? உங்கள் ஆய்வுக்கூடத்து மீன்களை விசாரிக்கவில்லை. அவை நலமாக இருக்க வாய்ப்பில்லை.

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை அலுவலகக் கூட்டத்தில் என் கால்சட்டைப் பொத்தான் தெறித்துப்போய் மேலாளரின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. மனிதர் சர்க்கரைக் கட்டி என்று நினைத்துக் கலக்கினார். நான் தடுக்கவில்லை. தடுப்பதற்காக எழுந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் காரணம் நீங்கள்தான். ரத்தத்தில் கொழுப்பு என்று டாக்டர் சொன்ன நாள் முதல் உங்கள் தங்கை இனிப்பையும் எண்ணெயையும் நாடு கடத்திவிட்டு, குளிர்பெட்டிக்குப் பூட்டும் போட்டுவிட்டு, அதில் நீங்கள் வாங்கி அடுக்கிவிட்டுப் போன மத்தி மீனை எனக்கு நாள்தோறும் அவித்து வைக்கிறாள். நானும் தலையெழுத்தே என்று தின்கிறேன். அலுவலகக் கேன்டீனில் ஒரே ஒரு கிரீம் பன், சரி, இரண்டு, அதையெல்லாம் பெரிதுபடுத்தாதீர்கள். ஆனால் ஞாயிறுதோறும் எடை பார்க்கிற அந்த இயந்திரம் இருக்கிறதே, அது பெரிதுபடுத்தியது. என்ன சொல்லித் தப்பிப்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோதுதான், போன தடவை எங்கள் சாப்பாட்டு மேசையில் நீங்கள் முள்ளை நீட்டி நீட்டி ஆற்றிய உரை ஞாபகத்துக்கு வந்தது. மத்தி எல்லா மாதமும் ஒரே மத்தி அல்ல, இரை நிறையக் கிடைக்கிற காலத்தில் கொழுத்துக் கிடக்கும், முட்டையிட்டு முடித்தால் கொழுப்பு வற்றி அந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிடும் என்றீர்களே! அந்த நிமிடமே சொல்லிவிட்டேன்: "நான் என்ன பண்றது? இது மீன் கொழுத்திருக்கிற பருவம். உங்க அண்ணனே சொல்லியிருக்கார்." மத்தியின் தயவில் பொழுது நிம்மதியாகப் போனது.

போன ஞாயிறு விழுந்தது மச்சான் இடி! நான் இயந்திரத்தின் மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இவள் காய் நறுக்கிக்கொண்டே சொல்கிறாள்: "என்னங்க, மத்தியெல்லாம் முட்டையிட்டு மெலிஞ்சு ஒரு மாசமாச்சாம். அண்ணன் போன்ல சொன்னார். நீங்க மட்டும் ஏன் இன்னும் கொழுத்த பருவத்துலயே நிக்கிறீங்க?"

மீன் மெலியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை! சொந்தக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடலில் இப்படியா திடீரென்று மெலிவது?

"அது வந்து, உடம்புக்குச் சேதி போய்ச் சேரக் கொஞ்சம் நாளாகும்" என்றேன்.

"ஏன், தபால்லயா போகுது? வர்ற திங்கட்கிழமை உங்க ஆபீசுக்கு வர்றேன். அந்தக் கேன்டீன்காரரைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசணும்."

மச்சான், அந்த ஆள் என் தலை தெரிந்ததுமே "பன் சார் வந்தாச்சு!" என்று உள்ளே பார்த்துக் கத்துகிறவர். அவள் வாசலைத் தாண்டினால் என் மானம் கப்பலேறிவிடும். ஆகையால் திங்கட்கிழமைக்குள் தங்கைக்கு ஒரு போன் போட்டு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: கொழுப்பு போன இடத்தில் தண்ணீர் ஏறுகிறது, தண்ணீருக்கும் எடை உண்டு. இரண்டும் உண்மைதானே? நான் உங்களைப் பொய் சொல்லவே சொல்லவில்லை. மீதியை அவளே கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, மீன் பக்கம் போகாமல், வேறு ஏதாவது நல்ல உத்தியோகத்துக்குப் போகட்டும்.

உங்களையே மலைபோல் நம்பியிருக்கும் (உருவத்திலும்),
மாப்பிள்ளை

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். உறையை ஒட்டப் பசை கேட்டேன். எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணனுக்குத்தானே? அவர் வாங்கி அடுக்கிட்டுப் போன மத்தி நேத்தோட தீர்ந்துபோச்சுன்னு எழுதிடுங்க. எல்லாமே மெலிஞ்ச பருவத்துல பிடிச்ச மீன். முதல் நாள்லேருந்தே கொழுத்த மத்தி ஒண்ணுகூட இந்த வீட்டுக்குள்ள வரலை."