சதுர கிலோமீட்டர்க்காரர்கள்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் சில வருடங்களாக ஓர் இனம் பெருகி வருகிறது. சதுர கிலோமீட்டர்க்காரர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். மனை விற்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களாவது விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் அளப்பது வீடியோ கேமுக்குள் இருக்கும் நிலத்தை.

ஓப்பன் வேர்ல்ட் கேம் என்று ஒன்று உண்டு. காடு, மலை, கடல், கடைத்தெரு எல்லாம் சேர்த்து ஒரு நாட்டையே கட்டி, இஷ்டத்துக்குத் திரி என்று உங்களை உள்ளே விட்டுவிடுவார்கள். அந்த நாட்டுக்கு இவர்கள் பாஷையில் மேப் என்று பெயர். நீங்களும் நானும் உள்ளே போனால் என்ன செய்வோம்? குதிரை கிடைத்தால் ஏறுவோம், வம்பு கிடைத்தால் இழுப்போம். சதுர கிலோமீட்டர்க்காரர் என்ன செய்வார்? தெற்கு மூலையில் போய் நின்று, செல்போனில் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு, வடக்கு மூலையைப் பார்த்து நடக்கத் தொடங்குவார்.

என் அறைத்தோழன் வெஸ்லின் இதில் உயர்ந்த ரகம். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்‌ஷன். பகலெல்லாம் காலிப்பரைப் பிடித்து மில்லிமீட்டர் அளப்பான்; ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தால் கைகால் கழுவிவிட்டு கிலோமீட்டர் அளக்க உட்காருவான். மேப்பைக் குறுக்கே கடக்க எத்தனை நிமிடம், வழியில் எத்தனை கன்டென்ட் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதுவான். கன்டென்ட் என்றால் வழியில் நடக்கிற எதுவும்: ஓநாய், புதையல், சண்டை, சந்தை. இதை அதால் வகுத்தால் வருவது அடர்த்தி. ஒருநாள் திரையில் ஓர் அம்மாள், பிள்ளை காட்டுக்குள் போய்த் திரும்பவில்லை என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் கட்டிலில் கிடந்த நானே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வெஸ்லின் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். அந்தப் பிள்ளை இன்னும் காட்டுக்குள்தான் இருக்கிறது.

கேன்டீனில் இவன் எதிரே உட்கார்ந்தால் சாப்பாடு ஆறிவிடும். லைன் லீடர் நாராயணப்பன் ஒருதரம் தெரியாமல் மாட்டிக்கொண்டார்.

"புதுசு ஒண்ணு வந்திருக்குங்ணா. எம்பத்தொண்ணு சதுர கிலோமீட்டர். போன வருஷத்தது வெறும் முப்பத்தேழு."

"சரி குரு, கதை என்ன?"

"கதைக்கு இன்னும் போகலைங்ணா. ஆனா மேப் பெருசா இருந்து என்ன பண்றது? நாலு நிமிஷம் நடந்தேன், ஒரு முயல்கூட வரலை."

நாராயணப்பன் மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவனுக்கும் ஒரு பெண்மேல் மனசு போயிற்று. அவன் அம்மா கிருஷ்ணகிரியில் ஒரு ஜெபக்கூட்டத்தில் பார்த்துப் பேசி வைத்த பெண். பெயர் ஃபெபா, அஞ்செட்டியில் நர்ஸ். போட்டோ வந்த அன்றைக்கும் மறுநாளும் வெஸ்லின் எதையும் அளக்கவில்லை. அதிலிருந்தே நிலைமையின் தீவிரம் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாதம் போனில் பேசினார்கள். பிறகு அவள் சொன்னாள்: "ஒருவாட்டி எங்க ஊரைப் பாத்துட்டுப் போங்க. நான் வேலையை விட்டுட்டு அங்க வரமாட்டேன். நீங்கதான் வாராவாரம் வந்து போகணும். பாத்துட்டுச் சொல்லுங்க."

துணைக்கு நானும் போனேன். தேன்கனிக்கோட்டை தாண்டியதும் காடு. ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ரோட்டில் யானை. பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் வாயில் வந்தது. பக்கத்தில் வெஸ்லின் செல்போனைப் பார்த்துக்கொண்டு, "பதினோரு நிமிஷத்துக்கு ஒண்ணு. பரவால்ல மச்சா" என்றான். அவனை அங்கேயே இறக்கிவிட்டிருக்க வேண்டும்.

ஃபெபாவின் அம்மா சாராள் ராகிக் களியும் கோழிக் குழம்பும் செய்திருந்தார். நல்ல மனுஷி. "வழியெல்லாம் எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது.

"ஏரியா பெருசுங்க ஆன்ட்டி. ஆனா ஒண்ணும் இல்லைங்க. பஸ் ஸ்டாப்புல இருந்து இங்க வர ஒன்பது நிமிஷம். இருபத்திரண்டு வீடு, ஒரு கடை. அடர்த்தி கம்மி."

சாராள் என்னைப் பார்த்தார். நான் களியைப் பார்த்தேன். ஃபெபா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் கேம் ஆடுகிறவள்தானாம். மூன்று வருடமாக ஒரே கேம், அதுவும் சின்ன கேம்.

"அந்தக் கடைக்காரம்மா பேரு மங்கம்மா. போன மாசம்தான் அவங்க பேத்தி பொறந்துச்சு, நான்தான் கூட இருந்தேன். அது இருக்கட்டும். நீங்க கடைசியா முடிச்ச கேம் எது?"

அவனிடம் யாரும் இதுவரை கேட்காத கேள்வி. வெஸ்லின் களியை உருட்டினான். "முடிச்சதுன்னா..." என்றான்.

"ஒண்ணுகூட இல்லையா?"

"முப்பத்தெட்டு கேம் இருக்குங்க."

"ஒண்ணை முழுசா முடிச்சிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் முகத்தில் தெரிந்த ஒளியைப் பார்க்க வேண்டுமே! நான் அவனுக்காக மனசார சந்தோஷப்பட்டேன். ஒரே ஒரு கேம். எவ்வளவு எளிய நிபந்தனை! சின்னதாக ஒன்றை எடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்தது.

வெஸ்லின் உட்கார்ந்தான். எதை முடிப்பது என்று முடிவு செய்வதற்கு. முப்பத்தெட்டு கேமுக்கும் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும், அதில் கதை எவ்வளவு, வெட்டி நடை எவ்வளவு, மணிக்கு எத்தனை கன்டென்ட் என்று எக்செல் ஷீட் போட்டான். கலர் கலராக வரைபடம் போட்டான். "எடுத்து ஆடித் தொலையேன்டா" என்று நான் கத்தினால், "அவளுக்காக முடிக்கிறது மச்சா, பெஸ்டா இருக்கணும்ல" என்பான். அடிக்கவும் கை வரவில்லை, அணைக்கவும் கை வரவில்லை. மூன்று மாதம் போயிற்று. அவள் இரண்டு தடவை போன் செய்தாள். "ஷார்ட் லிஸ்ட்டுல அஞ்சு இருக்குங்க" என்றான். மூன்றாவது தடவை அவள் செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அஞ்செட்டி சர்ச்சில் ஃபெபாவுக்கும், சாமல்பட்டியில் ரயில்வே வேலை பார்க்கும் ஒருவருக்கும் கல்யாண ஓலை வாசித்து, நிச்சயமானதைச் சபையறியச் சொல்லிவிட்டார்கள். சேதி கேட்டு வெஸ்லின் எக்செல் ஷீட்டை மூடினான். அப்புறம், "சாமல்பட்டியில இருந்து அஞ்செட்டி எவ்வளவு தூரம்டா? என்னைவிட அவன்தானே தூரம்?" என்றான். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது.

என்ன, பாவம் என்கிறீர்களா? உச்சுக் கொட்டுகிறீர்களா? கொட்டுங்கள். ஆனால் அதற்குமுன் இரண்டே கேள்வி, யோசிக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் வீடு எத்தனை சதுர அடி? உங்கள் எதிர்வீட்டில் இருக்கிற அந்த அம்மாளின் பெயர் என்ன?

முதலாவதுக்குப் பதில் சட்டென்று வந்துவிட்டது, இல்லையா?