சீனக் கெண்டைக்கு நான் போட்ட தீனி

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னுதான். குட்டையில கெடக்குற மீனுக்குத் தீனி போடணும்.

எண்பதுகள்ல மலாய் நாட்டு மலையில, தானா ராத்தா டவுனுக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல நான் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுறவன். அதாவது தற்காலிகக் கிராணி. ரெண்டு வருஷமா தற்காலிகம்! நிரந்தரமானா கிராணி வீடு கிடைக்கும், வீட்டுக்குள்ளயே குழாய்த் தண்ணி வரும். அதுவரைக்கும் நான், என் மனைவி சரோஜா, ரெண்டு பிள்ளைங்க, எல்லாரும் லயத்துல, தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீட்டுல, ஒரே அறையில.

அப்பத்தான் சர்க்கார் ஜீப்புல மீன் அதிகாரி ஒருத்தர் வந்து இறங்கினார். மலாய்க்காரர். அவர் மலாய்ல சொன்னதை நான் தமிழ்லயே சொல்லிடுறேன்.

"இந்த மலை ஆத்து மீனெல்லாம் விரல் நீளந்தான். வெறும் முள்ளு. இது சீனாவுல இருந்து வந்த கெண்டை! ஆறே மாசத்துல முழங்கை நீளம் வந்துடும். தோட்டத்து சனங்களுக்கு நல்ல சத்து."

பிளாஸ்டிக் பையில இருந்த குஞ்சுங்களைக் குட்டையில கொட்டிட்டு அவர் போயிட்டார். தோட்டத்து மேனேஜரைத் துரைன்னுதான் கூப்பிடுவோம். துரை என்னைப் பார்த்தார்.

"கிராணி, மீனை நீ பாத்துக்க. ஆறு மாசம் கழிச்சு அதிகாரி திரும்ப வருவார். அவர் நல்லபடியா எழுதினா, உன் நிரந்தரக் கடுதாசியில நான் கையெழுத்துப் போடுறேன்."

தேயிலைக்கு வர்ற நோயே எனக்கு முழுசாத் தெரியாது. இதுல மீனுக்குப் பொறுப்பு!

லயத்துல ஒருத்தருக்கும் அந்த மீனைப் பிடிக்கல. "மீசை வச்ச மீனை எப்படிங்க திங்கிறது?"ன்னு கேட்டாங்க. அவங்க திங்காட்டி எனக்கென்ன? மீன் வளர்ந்தாப் போதும், என் வீடு வந்துடும்.

நானும் டவுன்ல கடலைப் புண்ணாக்கு வாங்கி வேளாவேளைக்குப் போட்டேன். மீனும் வளர்ந்துச்சு. எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு, அதிகாரி வர்ற வாரம் வரைக்கும்.

அந்த வாரம் கீழ இருந்து மலைக்கு ஏறி வர்ற தாப்பா ரோட்டுல மண்ணு சரிஞ்சுடுச்சு. லோரி மேல வரல. டவுன் கடைக்குப் புண்ணாக்கும் வரல. ஆனா அதிகாரி மட்டும் முந்தியே மேல வந்து தானா ராத்தாவுல தங்கியிருந்தார்! "நாளைக்கு மத்தியானம் வர்றேன்"னு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிட்டார்.

நாலு நாளா மீன் பட்டினி. வயிறு ஒட்டிப்போய் நின்னா என் கடுதாசி என்னாகிறது?

அப்பத்தான் எனக்கு அந்த அறிவு வந்துச்சு. என்னை மாதிரி ஆளுக்கு அதெல்லாம் வரவே கூடாது.

மேட்டுல கவாத்துப் பண்ணாம விட்டு மரமா வளர்ந்த பழைய தேயிலைச் செடிங்க நின்னுச்சு. அடியில கொட்டை கொட்டையா விதை. கடலையில எண்ணெய் இருக்கு, இந்த விதையிலயும் எண்ணெய் இருக்கு. அப்ப இதுவும் புண்ணாக்குதானே! அதுவும் சும்மா கிடைக்குது!

விடிஞ்சதும் ஒரு சாக்கு பொறுக்கிட்டு வந்து சரோஜாகிட்ட இடிக்கக் கொடுத்தேன்.

"ஏங்க, முதல்ல யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா என்ன?"

"படிச்சவன் நான் இருக்கேன், யாரைக் கேக்கணும்?"

அவ உலக்கையை எடுத்தா. இடிச்ச சத்தம் மட்டும் கொஞ்சம் பலமா கேட்டுச்சு.

குட்டையில முதல் வாளியைக் கொட்டினேன். தண்ணியில நுரை கிளம்புச்சு, சவுக்காரம் கரைச்ச மாதிரி. சத்து இறங்குதுன்னு நினைச்சேன்.

கொஞ்ச நேரத்துல மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறந்துச்சு. எனக்கு மனசு உருகிடுச்சு. பாவம், இன்னும் கேக்குதுங்க!

ரெண்டாவது வாளியையும் கொட்டினேன்.

அப்புறம் ஒன்னு மல்லாந்துச்சு. பக்கத்துல இன்னொன்னு. பத்து நிமிஷத்துல குட்டை முழுக்க வெள்ளை வயிறு!

அந்த வழியா வந்த முத்தையா கங்காணி எட்டிப் பார்த்தார். தண்ணியை மோந்து பார்த்தார்.

"கிராணி ஐயா, தேயிலைக் கொட்டையா போட்டீங்க?"

"ஆமா."

"அதைப் போட்டுத்தானே நாங்க ஆத்துல மீன் மயக்கிப் புடிப்போம்! ஒரு கை போட்டாலே போதுமே. நீங்க ரெண்டு வாளி போட்டிருக்கீங்க!"

"இப்ப என்ன கங்காணி பண்றது?"

"பண்றதுக்கு என்ன இருக்கு? குழம்புதான். மனுசனுக்கு ஒன்னும் பண்ணாது, நாங்க எத்தனை தடவை தின்னிருக்கோம்!"

அவர் குரல் கொடுத்ததுதான் தாமதம், லயமே இறங்கி வந்துடுச்சு. கொழுந்துக் கூடையோட பொம்பளைங்க குட்டைக்குள்ள. மீசை மீனை வேணாம்னு சொன்ன அதே ஆளுங்க, "அந்தப் பெருசு எனக்கு!"ன்னு சண்டை போடுறாங்க.

சரியா அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்னுச்சு.

அதிகாரி இறங்கினார். பின்னாலயே துரை. நான் கிராணி வீட்டை மனசுக்குள்ளயே பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

அதிகாரி கண்ணு கலங்கிடுச்சு.

"பாகுஸ்! ரொம்ப நல்லது! போன தோட்டத்துல எல்லாம் ஒருத்தரும் இந்த மீனைத் தொடமாட்டேங்குறாங்க. இங்க கூடை கூடையா அள்ளுறாங்களே! வலை எங்க?"

"வலை இல்லைங்க, துவான்." மலாய்ல ஐயாவைத் துவான்னுதான் சொல்வோம்.

"வலை இல்லாம எப்படி?"

"தீனி போட்டோம்... அதுங்களே மேல வந்துடுச்சு."

பொய் இல்லை. ஆனா எனக்கு வெக்கமாப் போச்சு. "துவான், உண்மையைச் சொல்லணும்னா, இதுல என் திறமை எதுவுமே இல்லை, எல்லாம் என் முட்டாள்தனம்..."னு ஆரம்பிச்சேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "பாருங்க துரை, என்ன அடக்கம்!"

துரை என்னைப் பார்த்தார். குட்டையைப் பார்த்தார். ஒரு வால் கூட அசையல. அவருக்குப் புரிஞ்சுடுச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா அதிகாரி எழுதிட்டிருந்தது அவர் தோட்டத்தைப் பத்தின நல்ல அறிக்கை. துரை தொண்டையைச் செருமிட்டு, "பங்களாவுக்கும் ரெண்டு அனுப்பு"ன்னார்.

அறிக்கை மேலிடத்துக்குப் போச்சு. 'மொத்த மீனும் ஒரே நாளில் அறுவடை. மக்கள் பேராதரவு.' அடுத்த வாரமே கடுதாசி வந்துச்சு. கூடவே புதுக் குஞ்சு நிறைஞ்ச பத்துப் பையும், 'உங்கள் சொந்தத் தீனியையே தொடர்ந்து கொடுக்கவும்'னு ஒரு சீட்டும்.

என் வேலை நிரந்தரமாயிடுச்சு. மீனுங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.