கோச்சி நிற்காத ஸ்டேசனின் சரித்திரம்

தம்பலகாமம்,
12.08.1973

அன்புள்ள கலீல் நானா அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மகன் ஜெமீலின் வாயைத் தவிர மற்றெல்லாம் சுகம். அங்கே மதினியும் பிள்ளைகளும் முழுச் சுகத்தோடு இருக்க துஆச் செய்கிறேன்.

நாங்கள் குடியிருக்கும் இந்தப் பழைய ஸ்டேசனின் சரித்திரத்தை நீங்கள் வேலை செய்யும் ரயில்வே கந்தோரின் மலருக்கு எழுதித் தரச் சொல்லி மூன்று மாதமாகிறது. பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் இரண்டரை வயதாகியும் 'உம்மா' என்று ஒரு சொல் சொல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்குச் சரிபார்க்க ஏலாது.

உலக யுத்த காலத்தில் ரயில் கோச்சியில் விறகு ஏற்றக் கட்டினார்களாம். சுதந்திரத்துக்குப் பிறகு நெல் மூட்டை ஏறியது. லொறிகள் வந்ததும் அதுவும் குறைந்தது. 1964இல் ஒரு யானை முதுகு சொறிந்து பெயர்ப்பலகையைச் சாய்த்துவிட, ஸ்டேசன் மாஸ்டர் கதிரவேல் புதுப் பலகை கேட்டு எழுதினார். ஸ்டேசனையே மூடச் சொல்லிப் பதில் வந்தது. அன்றிலிருந்து இங்கே ஒரு கோச்சியும் நின்றதில்லை. அந்தப் பலகைதான் இப்போது நான் சமைக்கும் குசினியின் கதவு. விவசாயப் போதனாசிரியருக்குக் கொடுக்க வேறு வீடில்லையென்று உங்கள் மச்சானுக்கு இதைக் கொடுத்தார்கள், சரி. சனத்துக்கு யார் சொல்வது? நான் மா அரித்துக்கொண்டிருப்பேன், டிக்கட் யன்னலில் ஒரு தலை குனியும்.

"தங்கச்சி, கந்தளாய்க்கு ரெண்டு."

"இங்க கோச்சி நிக்காது, காக்கா."

"நிக்காட்டி நீங்க ஏன் உள்ளுக்கு இருக்கிறீங்க?"

ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நிக்காது, நிக்காது என்றே என் தொண்டை போய்விட்டது.

கோச்சி இரைச்சலில் பிள்ளையின் காது அடைத்துப் போச்சுதோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் மச்சானோ, "நீ கதைக்கிறதுக்கு நடுவுல அவனுக்கு எங்க இடம்?" என்கிறார். கொழும்பில் நல்ல காது டொக்டரிடம் உடனே ஒரு நாள் எடுத்துத் தாருங்கள்.

மதினிக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கை,
ஸுல்பிகா

பி.கு.: உறையை ஒட்டப் போகிறேன், யன்னலில் டிக்கட் கேட்டு ஸைனுலாப்தீன் காக்காவின் தலை. நான் வாய் திறக்குமுன் ஜெமீல் விரலை நீட்டி, "நிக்காது!" என்றான். முழுச் சொல், நானா! அவனைத் தூக்கிக்கொண்டு அழுதேன். அந்த நேரம் பார்த்துத் தண்டவாளத்தில் எருமைகள் படுத்துவிட, கோச்சி வந்து எங்கள் வாசலில் நின்றது. "படிச்ச தாய், பிள்ளைக்கும் பொய்தான் பழக்கியிருக்கு" என்றபடி காக்கா ஏறிப் போய்விட்டார். டொக்டர் வேண்டாம். சரித்திரத்தில் 'ஒரு கோச்சியும் நின்றதில்லை' என்பதை வெட்டிவிடுங்கள். 'உம்மா' சொல்லு மகன் என்று கெஞ்சுகிறேன், அதற்கும் நிக்காதாம்.