ராமாமிர்தம் வாங்காத துவக்கு

கொள்கைக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குப் பழக்கமான இனந்தான். ஒரு சாமானைக் கையில் எடுத்தால், அது நன்றாக உழைக்குமா என்று கேட்க மாட்டார். அதைச் செய்த தேசத்து ராஜா யோக்கியனா என்று கேட்பார். இலங்கையில், பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராமாமிர்தம் அந்த இனத்துக்கே தலைமகன்.

தென்னாப்பிரிக்காவில் இங்கிலீஷ்காரர் நடத்திய போயர் யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து ஊரான ஹாலிஎலவில் இருந்த அவருடைய மரவள்ளித் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் உழுதுகொண்டிருந்தன. காவல்காரன் வீரய்யாவிடம் இருந்ததோ ஒரு தகரமும் ஒரு தடியும்.

"மொதலாளி, தகரத்தத் தட்டுனா முன்னெல்லாம் ஓடுச்சுங்க. இப்ப நின்னு கேக்குதுங்க. ஒரு துவக்கு வாங்கிக் குடுங்க, சுட்டாத்தான் ஓடும்."

ராமாமிர்தம் உடனே சம்மதித்தார். அரசாங்கக் கச்சேரியில் அனுமதிச் சீட்டுகூட வாங்கிவிட்டார். பிறகு இரும்புக்கடை தேவதாசனிடம் போனார். வினை அங்கேதான்.

தேவதாசன் முதலில் இங்கிலீஷ் துவக்கை எடுத்து வைத்தார்.

"போயர் குடியானவன் வீட்டையெல்லாம் கொளுத்துனவங்க. தியத்தலாவை முகாம்ல அடைச்சு வச்சிருந்த போயர் கைதிங்கள நானே பாத்தேன். வேணாங்க" என்றார் ராமாமிர்தம்.

ஜெர்மன் துவக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் ஹெரேரோ ஜனங்களைப் பாலைவனத்துக்குத் துரத்துகிறார்களாமே? வேண்டாம். பிரெஞ்சுத் துவக்கு? குற்றமற்ற ஒரு யூத அதிகாரியைத் தீவுச் சிறையில் அடைத்தவர்கள். அதுவும் வேண்டாம். கடைசியாக ஒரு பெல்ஜியம் துவக்கு. லேசானது, தோளில் வைத்தால் பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தது போலிருந்தது. ராமாமிர்தம் அதன் கட்டையைத் தடவினார். மனம் இளகியது. அதற்குள் பேப்பரில் படித்தது நினைவு வந்தது: கொங்கோவில் ரப்பர் குறைந்தால் பெல்ஜியம் ராஜாவின் ஆட்கள் அந்த ஊர் ஜனங்களின் கையை வெட்டுகிறார்கள். துவக்கை வைத்துவிட்டார்.

"உங்க கடைத் துணியெல்லாம் இங்கிலீஷ்காரன் மான்செஸ்டர்ல நெஞ்சதுதானுங்களே?" என்றார் தேவதாசன்.

"அது யாவாரம்ங்க. இது மனசாட்சி."

மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாள் விடியற்காலை, கோரைப்பல் நீண்ட ஒரு கிழட்டுப் பன்றி வீரய்யாவின் தடியைச் சட்டை செய்யாமல் வந்து, அவன் காலைத் தொடையிலிருந்து முழங்கால் வரை கிழித்துப் போட்டது. ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தான். கால் மடங்கவில்லை.

அவன் மனைவி பெரியாயி கடைக்கே வந்தாள். வாடிக்கைக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"எங்கயோ கைய வெட்டுறாங்கன்னு நீங்க துவக்கு வாங்கலையாம். பெரிய மனசுங்க. வாங்கிருந்தா அங்க எத்தன கை போயிருக்கும்னு தெரியாதுங்க. வாங்காம இங்க ஒரு காலு போச்சு."

ராமாமிர்தம் அன்று பேப்பரைப் பிரிக்கவே இல்லை. எழுந்து தேவதாசன் கடைக்கு நடந்தார். பெல்ஜியம் துவக்கைப் பக்கத்துத் தோட்டத்து அந்தோனிமுத்து முதல் நாளே வாங்கிப் போயிருந்தார்.

அடுத்த வாரம் அந்தக் கிழட்டுப் பன்றியை அந்தோனிமுத்து சுட்டார். அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு போயிற்று. ராமாமிர்தத்தின் மனைவி சரஸ்வதி மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டி இலையில் வைத்தாள். அவர் வெகுநேரம் இலையையே பார்த்தார்.

"என்னங்க, சாப்பிடலையா?"

"சுட்டது பெல்ஜியம் துவக்கு. ஆனா பன்னி நம்ம ஊருப் பன்னிதானே" என்றவர், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வீரய்யாவைக் கடை வாசலில் காவலுக்கு உட்கார்த்திக்கொண்டார். காலை நீட்டியபடி பார்க்கக்கூடிய வேலை.

வாசிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒரு நண்பர் ஞாபகம் வந்திருப்பாரே? இதை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கு உங்கள் ஞாபகம் வந்துவிடும்.