தொக்கம் எடுத்த வாய்

ஐம்பத்தெட்டாம் வருஷம் சோமனூருக்கு ஒரு பாக்கியம் வந்தது. மழை வரவில்லை, நல்ல ரோடு வரவில்லை, தொக்கம் எடுக்கும் வேங்கடசாமி வந்தார். சந்தைப்பேட்டைக்குப் பின்னால் கொட்டகை போட்ட மறுவாரமே கூட்டம் நெரிந்தது. தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தவர்கள் உண்டு. செனை நிற்காத எருமையைப் பிடித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றவரும் உண்டு.

தொக்கம் என்றால் வேறொன்றுமில்லை. என்றைக்கோ தின்ற சோறு செரிக்காமல் வயிற்றில் ஒட்டிக்கொண்டு நோயாகிவிடுமாம். வேங்கடசாமி ஒரு பித்தளைக் குழலை வயிற்றின்மேல் வைத்து உறிஞ்சுவார். உறிஞ்சியதைத் தட்டில் துப்புவார். தட்டில் சோற்றுப் பருக்கை கிடக்கும். சிலருக்குப் பாக்குத் துண்டு. பகையாளி இருப்பதாகச் சொன்னவர்களுக்குச் சுருட்டிய முடி. வயிற்றுத் தோலில் ஓட்டை இல்லை, கீறல்கூட இல்லை. பிறகு சோறு எந்த வழியாக வந்தது? அதைக் கேட்க அங்கே யாருக்கு நேரம்? வரிசை நகர வேண்டாமா?

அந்த வரிசையில் தறிக்காரர் செங்கோடனின் மனைவி தெய்வாத்தாளும் நின்றாள். இன்னும் தவழாத குழந்தைக்கு வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மாமியார் மாரியாத்தாள் சொட்டுத் தண்ணீர் கொடுக்க விடவில்லை. வைத்தியர் உறிஞ்சினார், துப்பினார். ஒரு பருக்கை. பிறகு குழந்தையின் வாயில் வாய் வைத்து 'உசுருக் காத்து' ஊதினார். சொம்பிலிருந்து தீர்த்தமும் புகட்டினார், மிச்சத்தை வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். வீட்டுத் தண்ணீர் ஆகாது, வைத்தியர் தண்ணீர் ஆகும். அது பக்கத்து வாய்க்காலில் மொண்டது. அதே வாய்க்காலில்தான் ஊர் எருமைகளும் குளித்தன.

"பச்சக் கொழந்தைக்கு ஆரோ திருட்டுத்தனமா சோறு ஊட்டியிருக்காங்க அம்மணி" என்றார் வைத்தியர்.

தெய்வாத்தாளுக்குத் திக்கென்றது. தாய்ப்பாலைத் தவிர அந்தக் குழந்தை எதையும் ருசித்ததில்லை. இனிமேல்தான் கோயிலில் வைத்துச் சோறூட்ட வேண்டும். மாரியாத்தாளோ, வைத்தியர் பொய் சொல்வாரா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குழந்தையைத் தூக்கியவர்கள் யார் யார் என்று யோசித்தாள். தெய்வாத்தாள் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பவள் பக்கத்து வீட்டு மெஹராஜ். மாரியாத்தாள் அவள் வாசலுக்கே போய்க் கேட்டுவிட்டாள். மெஹராஜ் கதவைச் சாத்திக்கொண்டாள். தெய்வாத்தாளுக்கு நெஞ்சை அறுத்தது. மெஹராஜ் அப்படிச் செய்ய மாட்டாள். ஆனால் பருக்கையைத் தன் கண்ணாலேயே பார்த்தாளே, அதை என்ன செய்வது?

தீர்த்தம் நன்றாக வேலை செய்தது. மறுநாள் குழந்தையின் கண் குழிக்குள் போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. செங்கோடன் பயந்துபோய்த் தாயையும் பிள்ளையையும் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். லேடி டாக்டர் அம்புஜம் முதலில் குழந்தைக்கு ஊசி வழியாக உப்புநீர் ஏற்றினாள். நீர் வற்றினால் ரத்தம் ஓடாது, குழந்தை தங்காது என்று திட்டினாள். குழந்தை கண் திறந்த பிறகு, தெய்வாத்தாள் பத்திரமாகக் கொண்டுவந்திருந்த தீர்த்தத்தில் ஒரு சொட்டு எடுத்து, பூதக்கண்ணாடிக் குழாயில் கண் வைத்துப் பார்க்கச் சொன்னாள். உள்ளே என்னென்னவோ நெளிந்தது, ஓடியது. தெய்வாத்தாளுக்கு உடம்பு கூசிப்போயிற்று.

"இதுல கண்ணுக்குத் தெரியாம இன்னும் எத்தனையோ கிருமி இருக்கும். கொதிக்க வெச்சா எல்லாம் செத்துப்போகும்" என்றாள் டாக்டர். பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது, குழந்தை வாய்க்குக் கிட்டே போகிற எதுவானாலும் கொதித்து ஆறின தண்ணீரில் கழுவ வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். தெய்வாத்தாள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கழுவினாள், கழுவினாள், பாத்திரம் தேயத் தேயக் கழுவினாள்.

குழந்தை தேறி வந்தது. மாரியாத்தாள் விடுவாளா? மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், மிச்சத் தொக்கத்தையும் எடுத்துப்போடலாம் என்று இழுத்துக்கொண்டு போனாள். தெய்வாத்தாளும் கிளம்பினாள், ஒரு கூஜா நிறைய கொதித்து ஆறின தண்ணீரோடு.

குழலை எடுத்த வைத்தியர் முன்னால் டம்ளரை நீட்டினாள். "சாமி, ஊதறதுக்கு முன்னாடி வாயக் கொஞ்சம் கொப்புளிச்சுப்போடுங்க."

அவள் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான். வைத்தியரின் முகம் ஏன் அப்படிச் சுண்டியது என்று அவளுக்கே புரியவில்லை. மந்திரம் ஏறிய வாயைக் கழுவக்கூடாது என்று குழறிக்கொண்டே தலையை ஆட்டினார். கன்னத்தில் என்னவோ இருந்தால் பேச்சு சரியாக வருமா? தெய்வாத்தாள் குழந்தையைக் கொடுக்காமல் நின்றாள். பின்னாலிருந்தவர்கள், புள்ளை இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே, கொப்புளித்தால் என்ன என்றார்கள்.

வேறு வழியில்லாமல் தண்ணீரை வாயில் ஊற்றி, வாயிலிருந்ததை எல்லாம் சேர்த்து விழுங்கப் பார்த்தார். பாழாய்ப்போன மூச்சுக்குழாய்க்குச் சாமியார் யார், சாமானியன் யார் என்றா தெரியும்? புரையேறியது. கண் பிதுங்க இருமினார். தட்டு நிறையச் சோற்றுப் பருக்கை, இரண்டு பாக்குத் துண்டு, ஒரு முடிச்சுருள்.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் மெதுவாக எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அந்தப் பாக்கு எனக்குன்னு வெச்சிருந்ததுங்களா?"

தெய்வாத்தாள் தட்டையே பார்த்தாள். மெஹராஜ் கதவைச் சாத்திய சத்தம் காதில் கேட்டது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் மரியாதை போகவில்லை.

"என்ற கொழந்தைக்கு ஆரு சோறு ஊட்டுனதுன்னு கேக்க வெச்சீங்களே. உங்களுக்கு ஆருங்க ஊட்டுனது?"

வைத்தியர் குழலை மறந்துவிட்டு ஓடினார். மாரியாத்தாள் அங்கிருந்து நேராக மெஹராஜ் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். "கதவத் தொற கண்ணு" என்றாள். கதவு உடனே திறக்கவில்லை. திறக்கிற வரைக்கும் வெயிலில் நின்றாள்.

வேங்கடசாமி இப்போது ஆனைமலைப் பக்கம் வாயால் ஊதித் தலைவலி எடுக்கிறாராம். அங்கேயும் நல்ல கூட்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். மூளையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்துவிட்டால், ஒரு டம்ளர் தண்ணீரையாவது கையில் கொண்டு போங்கள்.